சென்ற ஆண்டின் தீர்மானங்களை அலசிவிட்டுப் புதியவற்றை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புத்தாண்டுத் தீர்மானம் எழுத உட்காருபவர்களில் பெரும்பாலானோர் பின்பாதியிலிருந்து தொடங்குகிறார்கள். புதிய பட்டியல் முதலில் வந்துவிடுகிறது. பழைய பட்டியல் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. சென்ற ஆண்டு எது குறுக்கே நின்றதோ அது அங்கேயே நிற்க, அதே தீர்மானம் அதே வார்த்தைகளில் மறுபடி எழுதப்படுகிறது.

அதனால் இங்கே முதல் ஆறு படிகளும் முடிந்துபோன ஆண்டைப் பற்றியவை. அவற்றைச் சரியாகச் செய்தவருக்குப் புதியவற்றை எழுத அதிக நேரம் பிடிக்காது. வரிசையை மாற்ற வேண்டாம்; ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்ததை வைத்துத்தான் நகர்கிறது. இதற்கு ஜனவரி 1தான் வேண்டும் என்பதில்லை. பிறந்தநாள், வேலை மாறும் மாதம், எந்த நாளாக இருந்தாலும் சரி, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு அமர்வுகள் வேண்டும். முதலாவதற்கு ஒன்றரை மணி நேரம், இரண்டாவதற்கு ஒரு மணி நேரம். நடுவில் ஓர் இரவாவது கழிய வேண்டும்; இரண்டு மூன்று நாள் இடைவெளி இன்னும் நல்லது. ஒரே மூச்சில் முடிப்பவர்கள், நடக்காமல் போனவற்றை எண்ணி முடித்த வருத்தத்தோடு புதியவற்றை எழுதுகிறார்கள். அந்த மனநிலையில் வரும் தீர்மானங்கள் தண்டனை போல இருக்கும்: தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுவது, இனிப்பை அறவே தொடாமலிருப்பது.

மேசைமேல் இருக்க வேண்டியவை: சென்ற ஆண்டின் பட்டியல், நான்கைந்து வெள்ளைத்தாள், பேனா, நாட்காட்டி அல்லது டைரி, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு விவரம். கைப்பேசியில் நடை எண்ணிக்கை, திரை நேரம், உடற்பயிற்சிப் பதிவு ஏதேனும் இருந்தால் மாத வாரியாக முதல் நாளே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அமர்வு நேரத்தில் கைப்பேசி பக்கத்தில் வேண்டாம். ஆதாரம் தேடுகிறேன் என்று பழைய படங்களைத் திறந்தால் ஒன்றரை மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும்.

தனியாக உட்காருங்கள். கணவன் மனைவி சேர்ந்து செய்ய விரும்பினால், இருவரும் தனித்தனியே ஐந்தாம் படிவரை முடித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் நடந்ததைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் எழுதுவோம்.

2. பழைய பட்டியலை எழுத்து மாறாமல் எடுத்தெழுதுங்கள்

தாளின் இடப்பக்கம், சென்ற ஆண்டு எழுதிய சொற்களையே அப்படியே எழுதுங்கள். “தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்” என்று எழுதியிருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். “நடைப்பயிற்சி” என்று சுருக்கினால், நடந்த கொஞ்சநஞ்சமும் அதற்குள் அடங்கிவிடும். அளவு பெரிதாக இருந்ததுதான் கோளாறு என்பது கண்ணில் படாது.

நினைவிலிருந்து எழுதினாலும் இதே தவறுதான் நேரும். முடிவு தெரிந்துவிட்ட பிறகு, தாங்கள் முன்பு கணித்ததுகூட அந்த முடிவுக்கு நெருக்கமாகவே இருந்தது என்று மனிதர்கள் நினைவுகூர்கிறார்கள். உளவியலாளர்கள் பரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தீர்மானங்களுக்கும் இது பொருந்தும்: பத்துப் புத்தகம் என்று எழுதியவர் நான்கு படித்திருந்தால், “ஐந்தாறு என்றுதானே நினைத்தேன்” என்பார்.

எழுதிய பட்டியலே இல்லையா? அமர்வுக்கு முதல் நாளே, டிசம்பர் கடைசி வாரத்திலும் ஜனவரி முதல் வாரத்திலும் நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகளில் தேடுங்கள். அடுத்து ஜனவரி, பிப்ரவரி மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஜிம் கட்டணம், ஏதோ ஒரு வகுப்புக்குக் கட்டிய பணம், ஓட்டக் காலணி, நான்கு புத்தகம் என்று அந்த இரண்டு மாதச் செலவே உங்கள் தீர்மானங்களைச் சொல்லிவிடும். எதுவும் அகப்படவில்லை என்றால், நினைவில் இருப்பதை எழுதி ஓரத்தில் “நினைவிலிருந்து” என்று குறித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

3. பன்னிரண்டு கட்டம் போட்டு ஆதாரத்தால் நிரப்புங்கள்

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே பன்னிரண்டு கட்டம், மாதத்துக்கு ஒன்று. நான்கு குறிகள் போதும். எழுதியபடி நடந்த மாதத்துக்கு “மு”. ஓரளவு நடந்ததற்கு “கு”. நடக்கவே இல்லை என்றால் சுழியம். ஆதாரம் கிடைக்காத மாதத்துக்குக் கேள்விக்குறி.

மாதம் மாதமாக எதற்கு? ஆண்டு முழுவதற்கும் சேர்த்து “நடந்ததா?” என்று கேட்டால், நவம்பரும் டிசம்பரும் எப்படி இருந்தனவோ அதுவே விடையாக வரும். ஜனவரி முதல் ஜூன் வரை ஒழுங்காக நடந்தவர்கூடத் தோற்றதாகவே எழுதுவார். ஆறு மாதம் ஒரு பழக்கத்தைக் காத்தவருக்கும் ஒருநாள்கூடத் தொடங்காதவருக்கும் செய்ய வேண்டிய மருந்து ஒன்றல்ல.

ஆதாரம் என்பது எண்ணோ தேதியோ உள்ளது. நடைக்குக் கைப்பேசியின் நடை எண்ணிக்கை, சேமிப்புக்கு மாதக் கடைசி நாளின் இருப்பு, வாசிப்புக்குப் படித்து முடித்த நூல்களின் பட்டியல், வெளிச்சாப்பாட்டைக் குறைத்ததற்கு உணவகச் செலவு. “பரவாயில்லை, ஓரளவு செய்தேன் என்றுதான் தோன்றுகிறது” என்பது கேள்விக்குறிக் கட்டம்.

சில தீர்மானங்களுக்குப் பன்னிரண்டுமே கேள்விக்குறியாக வரும். “கோபத்தைக் குறைப்பேன்”, “குடும்பத்தோடு அதிக நேரம் இருப்பேன்” போன்றவை இப்படித்தான். அந்தத் தீர்மானம் தவறு என்று பொருளில்லை. நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் “அளக்க வழியில்லை” என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் படியில் இந்தக் குறிப்பு தேவைப்படும்.

4. எந்த மாதத்தில் நின்றது, ஏன் நின்றது

இந்த வேலையிலேயே அதிக நேரம் தர வேண்டிய இடம் இதுதான். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு விதி: காரணம் என்ற இடத்தில் “சோம்பல்”, “மன உறுதி போதவில்லை” என்று எழுதக் கூடாது. அவை காரணம் போலத் தோன்றினாலும், அவற்றை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மாற்ற ஒன்றுமில்லை. நாள், நேரம், இடம், ஆள், செலவு இவற்றில் ஒன்றாவது வரும்படி எழுதுங்கள். “மார்ச் இரண்டாம் வாரம் அலுவலக நேரம் ஒன்பதிலிருந்து எட்டுக்கு மாறியது, நடைக்குப் போகும் நேரத்தில் பேருந்துக்குப் போக வேண்டியதாயிற்று.” இதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

கட்டங்களின் வரிசையே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

மு, கு, 0, 0, 0 என்று போனால் பெரும்பாலும் அளவு பெரிது. ஆரம்ப சூரத்தனத்தில் ஒரு மாதம் தாங்கியது, பிறகு சரிந்தது. இப்படிப்பட்ட தீர்மானத்தை அடுத்த ஆண்டு பாதியாக அல்ல, மூன்றில் ஒரு பங்காக வெட்ட வேண்டும். பாதியாகக் குறைத்தும் மறுபடி சரிந்தவர்கள் நிறைய.

மு, மு, மு, மு, 0, 0, 0 என்று சட்டென அறுந்திருந்தால் நடுவில் ஒரு தடங்கல் வந்திருக்கிறது. காய்ச்சல், பயணம், வீட்டில் விசேஷம், தேர்வு. நாட்காட்டியில் அந்த இரண்டு வாரங்களைப் பாருங்கள், பெயர் சொல்லி அகப்படும். இங்கே தீர்மானத்தில் பிழையில்லை. நின்றபின் திரும்பி வர வழி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். பலர் இந்த வகையைத்தான் படுதோல்வி என்று எண்ணித் தூக்கிப் போடுகிறார்கள். உண்மையில் உங்கள் பட்டியலிலேயே மிக எளிதாக மீட்கக்கூடியது இது.

பன்னிரண்டும் சுழியம் என்றால் இரண்டில் ஒன்று. முதல் வேலை என்ன என்று தெரியவில்லை, அல்லது அது உங்களுக்கு வேண்டியதே இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி: நாளைக் காலை இதற்காகச் செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை எது? சொல்ல முடிந்தும் செய்ய மனம் வரவில்லை என்றால், அது பிறர் பட்டியலில் பார்த்து எழுதியதாக இருக்கும்.

கு, 0, கு, 0 என்று விட்டு விட்டு வந்தால் நேரம் நிலையாக இல்லை. முடிந்தபோது செய்யலாம் என்று விட்ட வேலைகளின் உருவம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு: நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் கைகூடாதது. பதவி உயர்வு, நினைத்த எடை, ஒரு போட்டியில் தேர்வு. முடிவு பிறர் கையிலோ உடலின் போக்கிலோ இருக்கும்போது அதைத் தீர்மானமாக எழுதியது பிழை. உங்கள் பங்கை மட்டும் தனியே எடுத்து, அதற்கு ஒரு வரிசைக் கட்டம் போட்டுப் பாருங்கள். அங்கே “மு” நிறைய இருந்தால் அதை வெற்றி என்றே எழுத வேண்டும்.

நடந்தவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். புதியவர்கள் தோல்விக்கு மட்டும் காரணம் தேடிவிட்டு, நடந்ததை “நல்ல வேளை” என்று தாண்டிப் போகிறார்கள். ஒன்பது மாதம் தொடர்ந்து நடந்த ஒன்றில் உங்களுக்கே உரிய ஒரு சூத்திரம் இருக்கிறது. எந்த நேரம்? எதைத் தொடர்ந்து? யாரோடு? முன்பணம் கட்டியதாலா, ஒருவர் வாசலில் காத்திருந்ததாலா? இந்த விடைகளைத் தனித்தாளில் எழுதுங்கள். இரண்டாம் அமர்வில் மற்ற எந்தத் தாளையும்விட இது அதிகம் பயன்படும்.

5. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எழுதுங்கள்

தொடரும், மாறும், தள்ளிப்போகும், விடப்படும். இந்த நான்கில் ஒன்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே வர வேண்டும். வெறுமையாக எதையும் விடாதீர்கள். முடிவெடுக்காத தீர்மானம் அடுத்த பட்டியலுக்குள் தானாக நுழைந்துகொள்ளும்.

“தொடரும்” என்பது கடைசி மூன்று மாதமும் “மு” ஆக உள்ளவற்றுக்கு மட்டும். இவை பெரும்பாலும் பழக்கமாகிவிட்டவை. புதிய தீர்மானமாக எண்ணத் தேவையில்லை. “மாறும்” என்றால் நேரம், அளவு, இடம் இவற்றில் எது மாறும் என்று பக்கத்திலேயே ஒரு சொல் வேண்டும். “தள்ளிப்போகும்” என்பதற்குத் தேதி கட்டாயம். தேதி போட முடியவில்லை என்றால் அது தள்ளிப்போகவில்லை, விடப்பட்டது.

விடுவதற்குத்தான் பலருக்குக் கை வருவதில்லை. மூன்று ஆண்டாகப் பட்டியலில் இருந்து மூன்றிலும் நின்றுபோனதை அதே வாக்கியமாக நான்காம் முறை எழுத அனுமதிக்காதீர்கள். உருவத்தை முழுதாக மாற்ற வேண்டும், அல்லது விட வேண்டும். விடும்போது “விட்டேன்” என்று எழுதி ஒரு வரிக் காரணமும் சேருங்கள். எழுதாமல் கைவிட்டவை குற்ற உணர்வாக உள்ளே இருந்துகொண்டு, மற்றவற்றுக்கான தெம்பையும் எடுத்துக்கொள்கின்றன.

6. பட்டியலில் இல்லாமலே நடந்தவை

ஐந்து நிமிடம் போதும். நாட்காட்டியைப் புரட்டி, திட்டமிடாமலே நேரம் கொடுத்த பெரிய வேலைகளை எழுதுங்கள்: நோயாளியைப் பார்த்துக்கொண்டது, வீடு மாறியது, புதிய பொறுப்பு. ஆண்டின் நேரம் உண்மையில் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே சாட்சி. அடுத்த ஆண்டும் தொடரும் வேலை எதுவோ அதற்குக் கீழே கோடிடுங்கள்.

முதல் அமர்வு இத்துடன் முடிகிறது. புதிய யோசனை எவ்வளவு பிரமாதமாக வந்தாலும் இன்று எழுதக் கூடாது. தாள்களை மடித்து வையுங்கள்.

7. வாரத்தின் நேரத்தை எண்ணுங்கள்

இரண்டாம் அமர்வின் முதல் வேலை கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவரின் கணக்கு இப்படி இருக்கலாம்: தூக்கம் 56, வேலையும் போக்குவரத்தும் 55, சமையல், சாப்பாடு, குளியல், வீட்டு வேலை, கடைக்குப் போவது எல்லாம் சேர்ந்து 32. கூட்டினால் 143. மீதி 25. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். சிறு குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் மீதி பத்துக்கும் கீழே வரலாம்.

மீதி முழுவதையும் தீர்மானங்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25இல் எட்டு மணி நேரம், அதுதான் எல்லை. மற்றது ஓய்வுக்கும் எதிர்பாராததற்கும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்கும்போது மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே கணிக்கிறார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குத் தனிப்பெயர் வைத்து விளக்கினார்கள். அரை மணி நேர நடை என்றால் உடை மாற்றுவது, போய் வருவது, குளிப்பது சேர்த்து ஐம்பது நிமிடம். எழுத வேண்டியது ஐம்பதைத்தான்.

மீதி மிகக் குறைவாக இருந்தால் இன்னொரு கேள்வி வருகிறது: இதற்கு இடம் கொடுக்க எதை நிறுத்தப் போகிறீர்கள்? அந்த விடையும் தீர்மானத்தோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். எதையும் எடுக்காமல் ஒன்றைச் சேர்த்தால் அது தூக்கத்தைத்தான் தின்னும். தூக்கம் குறைந்தால் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாமே ஆட்டம் காணும்.

8. மூன்றுக்கு மேல் வேண்டாம், மூன்றையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம்

இப்போது மனத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டுங்கள். ஐந்தாம் படியில் “மாறும்” என்று குறித்தவற்றையும் சேருங்கள். பதினைந்து வந்தாலும் வரட்டும். பிறகு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கத் தடுமாறினால் ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள்: இதை யாருக்கும் சொல்லவே கூடாது என்றாலும் செய்வேனா? இந்தக் கேள்வியிலேயே பாதி உதிரும்.

மூன்றில் ஒன்றாவது, ஒரு தடவை செய்துவிட்டால் பிறகு தானாக நடக்கும் வகையாக இருப்பது நல்லது. சம்பளம் வந்த மறுநாள் ஒரு தொகை தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்வது, இரண்டு ஆண்டாகத் தள்ளிய பல் பரிசோதனைக்கு நேரம் வாங்குவது போன்றவை. இவற்றுக்கு நாள்தோறும் மன உறுதி தேவையில்லை.

முதல் தீர்மானம் முதல் வாரத்தில், இரண்டாவது ஐந்தாம் வாரத்தில், மூன்றாவது ஒன்பதாம் வாரத்தில் தொடங்கட்டும். அகலக்கால் வைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். மூன்றும் ஒரே நாளில் தொடங்கினால் ஒன்று தவறும் நாளில் மற்ற இரண்டும் சேர்ந்து போகின்றன.

9. வாக்கியத்தை எழுதுதல்

ஒரு தீர்மான வாக்கியத்தில் நான்கு பகுதிகள் வேண்டும்: எப்போது, எங்கே, என்ன செயல், முடியாத நாளில் குறைந்தபட்சம் என்ன. எப்போது, எங்கே என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் செயல் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். காரணம் எளிது. அந்த நேரம் வரும்போது புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது.

“உடம்பைக் குறைப்பேன்” என்பது இப்படி மாறும்: “திங்கள், புதன், வெள்ளி, சனி காலை 6.15க்குக் காலணி மாட்டிக்கொண்டு வாசலை விட்டு இறங்கி, 30 நிமிடம் நடப்பேன். முடியாத நாளில் 10 நிமிடம். மார்ச் 31 வரை.” எடை உங்கள் கையில் இல்லை, வாசலை விட்டு இறங்குவது இருக்கிறது.

“நிறையப் படிப்பேன்” என்பது: “இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததும், சன்னல் பக்க நாற்காலியில் 15 பக்கம். முடியாத நாளில் 2 பக்கம்.” இங்கே கடிகார நேரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டியிருக்கிறோம். வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுபவர்களுக்குக் கடிகாரத்தைவிட இதுவே பொருந்தும்.

“கூடாது”, “மாட்டேன்” என்று முடிபவற்றைச் “செய்வேன்” என்று திருப்ப முயலுங்கள். ஸ்வீடனில் 1,066 பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் தாங்கள் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 சதவீதம். “இரவில் கைப்பேசி பார்க்க மாட்டேன்” என்றால் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கும். “9.30க்குக் கைப்பேசியை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் புத்தகத்தோடு படுக்கைக்குப் போவேன்” என்றால் கைக்கு ஒரு வேலை இருக்கிறது.

குறைந்தபட்சத்தைக் கேலியாகத் தோன்றும் அளவுக்குச் சிறிதாக வையுங்கள். காய்ச்சல் விட்ட மறுநாள், விருந்தாளி வந்த இரவு, வேலையில் நசுங்கிய நாள் ஆகியவற்றிலும் செய்ய முடிய வேண்டும். இருபது நிமிடத்தைக் குறைந்தபட்சம் என்று எழுதுபவர் நல்ல நாளை மனத்தில் வைத்து எழுதுகிறார்.

மூன்றாம் படியில் “அளக்க வழியில்லை” என்று குறித்ததை இப்போது எடுங்கள். “குடும்பத்தோடு அதிக நேரம்” என்பது “ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை வீட்டில் எல்லோரும் கைப்பேசி இல்லாமல் ஒன்றாக” என்று ஆகலாம். “கோபத்தைக் குறைப்பேன்” என்பது “குரல் உயர்வது தெரிந்ததும் அறையை விட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன், அன்றிரவு நாட்காட்டியில் ஒரு புள்ளி வைப்பேன்” என்று ஆகலாம். இப்படி ஒரு செயலாக மாற்றவே முடியாத தீர்மானத்தை விருப்பம் என்று தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றாக எண்ண வேண்டாம்.

வீட்டில் இன்னொருவர் மாற வேண்டும் என்பது உங்கள் தீர்மானமாக இருக்க முடியாது. “பையனைப் படிக்க வைப்பேன்” என்பதில் உங்கள் பங்கு, அவனோடு எட்டு மணிக்கு உட்காருவது மட்டுமே.

10. தவறினால் என்ன செய்வது என்பதை இன்றே எழுதுங்கள்

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே இரண்டு வரி. முதல் வரி, வரக்கூடிய தடை: நான்காம் படியில் எழுதிய காரணத்தையே இங்கே கொண்டுவாருங்கள். “மழை பெய்தால், வீட்டுக்குள் 10 நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குவேன்.” இரண்டாம் வரி, திரும்பும் விதி: “எத்தனை நாள் விட்டிருந்தாலும், திரும்பும் நாளில் குறைந்தபட்சம் மட்டும்.”

விட்டதை ஈடுகட்டக் கூடாது. நான்கு நாள் விட்டவர் ஐந்தாம் நாள் இரண்டு மணி நேரம் நடந்தால், ஆறாம் நாள் உடம்பு ஒத்துழைக்காது. ஏழாம் நாள் மனமும்.

ஒருநாள் தவறியதால் எல்லாம் போயிற்று என்று எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக வர நடு அளவாக 66 நாள் ஆனது; பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. இருபத்தோரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எண்ணி, இருபத்திரண்டாம் நாளும் கடினமாக இருப்பதைக் கண்டு விடுபவர்கள் இந்த எண்களை நினைவில் வைக்க வேண்டும்.

11. முதல் நாளுக்கு முன் இடத்தைத் தயார் செய்யுங்கள்

காலணி வாசலருகே, புத்தகம் நாற்காலியின் மேல், சார்ஜர் முன்னறையில். தொடங்க எடுக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். விடப்போகும் பழக்கத்துக்கு நேர் எதிர்: எடுப்பதற்குச் சிரமமான இடத்தில் வையுங்கள். புதிய பொருள் வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். வாங்கியதே பாதி வேலை முடிந்தது போன்ற நிறைவைக் கொடுத்துவிடுகிறது.

12. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டியவை

மதுவைத் தினமும் அதிக அளவில் குடித்து வந்தவர், புத்தாண்டு அன்று தானாகச் சட்டென நிறுத்துவது ஆபத்து. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே கேடாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி, உணவுக் குறைப்பு போன்ற தீர்மானங்களை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். இதயநோய் உள்ளவர்கள் கடினமான உடற்பயிற்சிக்கும் இதையே செய்ய வேண்டும். புகையை விட முயல்பவர்களுக்கு மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. தனியாகப் போராடத்தான் வேண்டும் என்பதில்லை.

13. வாரம் பத்து நிமிடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம்

மூன்று வாக்கியங்களையும் ஒரே தாளில் எழுதி, கீழே 13 வாரத்துக்குக் கட்டம் போட்டு, தினமும் கண்படும் இடத்தில் ஒட்டுங்கள். ஞாயிறோ திங்களோ, ஒரே நாளில், ஒரே நேரத்தில் அந்த வாரக் கட்டத்தை நிரப்புங்கள். சொன்ன நாள்களில் முக்கால்வாசி நடந்திருந்தால் “மு”. குறைந்தபட்சம் மட்டும் செய்த நாளும் நடந்த நாள்தான். செயலிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பதிவு செய்யத் திறந்த கைப்பேசி பதிவோடு மூடப்படுவதில்லை.

வாராந்தரப் பார்வையில் வாக்கியத்தை மாற்றாதீர்கள். ஒரு மோசமான வாரத்தை வைத்துத் திருத்தினால் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எது பொருந்தியது என்று கடைசிவரை தெரியாது. திருத்தம் எல்லாம் பதின்மூன்றாம் வாரத்தில்.

அப்போது எண்ணுங்கள். 13இல் ஒன்பதோ அதற்கு மேலோ “மு” இருந்தால் அப்படியே இன்னும் மூன்று மாதம். அளவைக் கூட்டும் ஆசை வரும், ஆறு மாதம்வரை பொறுங்கள். ஐந்து முதல் எட்டு என்றால் அளவையோ நாள்களையோ குறையுங்கள், நேரத்தை மாற்ற வேண்டாம். ஐந்துக்கும் கீழே என்றால் குறைத்துப் பயனில்லை. அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் நான்காம் படியை மறுபடி செய்து, காரணத்தை எழுதி, வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ புதிதாகத் தொடங்குங்கள். ஐந்தாம், ஒன்பதாம் வாரத்தில் தொடங்கியவற்றுக்கு முழுப் பதின்மூன்று வாரம் ஆகும்வரை இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.